பரங்கிக்காய்க் கறி சொல்லும் வரலாறு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் வல்லம் வடகால் என்னும் தொழிற்பூங்கா இருக்கிறது. 'கால்' என்பது வாய்க்காலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நாட்டுக்குப் பொருத்தமான ஊர்ப்பெயர்தான். இன்று அங்கே மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்காக, ஏறத்தாழ 706 கோடி ரூபாய்ச் செலவில் அங்கே கட்டப்பட்ட பெரிய குடியிருப்பை 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் தமிழக முதலமைச்சர் திறந்துவைத்தார். அதில் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே வளாகத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய இடத்தின் உணவுக்கூடம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். தஞ்சைப் பக்கத்துப் பெண் ஒருத்தியும், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தியும் எதிரெதிரே அமர்ந்து சாப்பிடுகிறார்கள். இருவர் தட்டிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு தொடுகறி. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் காரம், அளவான உப்பு. "இது எங்கள் ஊர்க் கறி. பரங்கிக்காயைப் புளியும் வெல்லமும் இட்டு என் பாட்டி செய்வார்" என்கிறாள் தஞ்சைப் பெண். "எங்கள் ஊரிலும் இதுதான். 'கத்தூ' என்போம். வெந்தயம் தாளித்து, மாங்காய்ப் பொடியும் வெல்லமும் போடுவோம்" என்கிறாள் மற்றவள்.

இவர்களில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான். ஆயினும், அந்தப் பரங்கிக்காய் தஞ்சையிலும் பிறக்கவில்லை, ஜார்க்கண்டிலும் பிறக்கவில்லை. மன்னர்களின் போர்களைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைக்கப்படும் தொடுகறிக்கு வரலாறு எழுதுவார் அரிது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் பார்ப்போமா?

பெயரே சாட்சி

முதலில் 'பரங்கி' என்னும் சொல்லைக் கவனியுங்கள். மேற்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பிராங்குகள் என்றோர் இனத்தார் வலிமையுடன் வாழ்ந்தனர். அவர்கள் பெயரைக் கொண்டே அராபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் அனைவரையும் அழைத்து வந்தனர். கடல் வணிகர்களின் வாய்வழியே இந்தியாவுக்கு வந்த அச்சொல் தமிழில் 'பறங்கி' என்றும் 'பரங்கி' என்றும் வழங்கலாயிற்று.

சென்னையிலிருந்து பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்பவர்களில் சிலர் பரங்கிமலையைக் கடந்திருப்பார்கள். 1523-இல் போர்த்துக்கீசியர் அம்மலையின் உச்சியில் ஒரு தேவாலயம் கட்டினர். தெற்கே கடற்கரையில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. மலைக்கும் பட்டினத்துக்கும் காய்க்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலன்று. பரங்கியர் கப்பலில் வந்த காயாதலின் அது பரங்கிக்காய் ஆயிற்று. வங்காளத்திலும் இக்காய்க்கு 'பிலாத்தி கும்ரா', அதாவது 'சீமைப் பூசணி' என்று ஒரு பெயர் உண்டு.

பூசணி என்பது நமக்குப் பழைய காய். மேல்தோலில் வெண்ணீறு பூத்தாற்போலிருக்கும் அந்தக் காய் ஆசியாவிற்கே உரியது. புதிதாக வந்த காயைப் பழைய காயோடு ஒப்பிட்டுச் சிலர் 'மஞ்சள் பூசணி' என்றனர், சிலர் 'சர்க்கரைப் பூசணி' என்றனர். கொங்கு நாட்டில் அது 'அரசாணிக்காய்' ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே வெறுமனே 'பூசணிக்காய்' என்றால் மஞ்சள் காயைத்தான் குறிக்கும். பழைய பூசணியை 'நீற்றுப் பூசணி' என்று அடைமொழி சேர்த்துச் சொல்லவேண்டும். வந்த விருந்தாளி வீட்டுக்காரராகிவிட, வீட்டுக்காரர் தமக்கென்று ஓர் அடையாளம் தேட வேண்டியதாயிற்று!

மெக்சிகோக் குகையில் ஒரு விதை

பரங்கிக்காய் எங்கிருந்து புறப்பட்டது? மெக்சிகோ நாட்டின் ஓஹாகா மாநிலத்தில் 'கிலா நாக்கிட்ஸ்' என்றொரு குகை இருக்கிறது. அங்கே தொல்லியலார் தோண்டியெடுத்த பொருள்களில் பரங்கிக் குடும்பத்துக் காய் ஒன்றின் விதைகளும் காம்புகளும் இருந்தன. புரூஸ் ஸ்மித் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அவற்றை ஆராய்ந்து, மனிதர் பயிரிட்ட செடியின் விதைகள் அவை என்றும், அவற்றின் வயது ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் என்றும் 1997-இல் அறிவித்தார். காட்டுச் செடியின் விதையைவிட அவை பெரியவை. தலைமுறை தலைமுறையாகப் பெரிய விதைகளைப் பொறுக்கி விதைத்ததன் விளைவு அது. அமெரிக்கக் கண்டத்தில் மக்காச்சோளம் பயிராவதற்கு முன்பே இந்தக் காய் பயிராகிவிட்டது.

காட்டுப் பரங்கி கடுங்கசப்பு உடையது. 'குக்கர்பிட்டசின்' என்னும் கசப்புப் பொருள் அதில் நிறைந்திருக்கும். சிறு விலங்குகள் அதைத் தீண்டமாட்டா. யானையின் உறவினமாகிய மாஸ்டோடன் போன்ற பேருருவ விலங்குகள் மட்டும் அதை விழுங்கி விதைகளைப் பரப்பின. அவ்விலங்குகளின் புதைபடிவச் சாணத்தில் பரங்கி விதைகள் கிடைத்திருக்கின்றன. அவை அழிந்தொழிந்த பின்னர் மனிதன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். முதலில் விதைக்காகவும், காய்ந்த ஓட்டைக் குடுவையாகப் பயன்படுத்தவும் வளர்த்தான். கசப்புக் குறைந்த காய்களின் விதைகளையே மீண்டும் மீண்டும் விதைத்ததில், காலப்போக்கில் சதைப்பற்றும் இனிப்பும் கொண்ட காய்கள் கிடைத்தன. ஆகவே, நாம் இன்று உண்ணும் பரங்கிக்காயின் இனிப்பு இயற்கை தானாகத் தந்த வரம் அன்று. பெயர் தெரியாத எத்தனையோ அமெரிக்கப் பழங்குடி உழவர்களின் உழைப்பு அது.

1492-இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் கரையேறினார். அதற்குப் பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் உரோமாபுரியில் 'வில்லா பர்னேசினா' என்னும் மாளிகையின் மேற்கூரையில் ஓர் ஓவியர் பரங்கி இனக் காய்களை வரைந்துவிட்டார். 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். 1510-இல் கோவா போர்த்துக்கீசியர் வசமாயிற்று. அட்லாண்டிக் கடலையும் இந்துமாக்கடலையும் இணைத்த அந்தக் கப்பல்களில் துப்பாக்கியும் சிலுவையும் வந்தன. கூடவே விதைகளும் வந்தன. கோட்டைகள் இடிந்தன, கொடிகள் மாறின. விதைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

பரங்கிக் கொடிக்கு நம் மண் பிடித்துப்போனதில் வியப்பில்லை. வெப்பத்தைத் தாங்கும் கொடி அது. குப்பைமேட்டில் நட்டாலும் வளரும், கூரைமேல் ஏறிக் காய்க்கும். நன்கு முற்றிய காயைக் காம்போடு அறுத்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நிலமில்லாத ஏழைக்கும் கூரையளவு நிலம் உண்டல்லவா? மார்கழி மாதக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் மஞ்சள் பூக்களில் பரங்கிப் பூவும் ஒன்று. பொங்கல் நாள் சமையலிலும் பரங்கிக்காய்க்கு இடமுண்டு. ஐந்நூறு ஆண்டுகளுக்குள் ஓர் அயல்நாட்டுக் கொடி நம் வாசற்படி வரை வந்து உரிமையோடு அமர்ந்துவிட்டது.

மிளகும் மிளகாயும்

இந்தக் கறியில் காரம் தருவது மிளகாய் வற்றல். அதுவும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து, அதே கப்பல்களில் வந்ததுதான். இதற்கும் பெயரே சாட்சி. மிளகைப்போல் காரமுள்ள காய் ஆதலின் 'மிளகாய்' என்றனர் நம் முன்னோர்.

அதற்கு முன்பு காரம் என்றால் மிளகுதான். சங்க இலக்கியத்தில் 'கறி' என்னும் சொல்லே மிளகைக் குறித்தது. யவனர்களின் கப்பல்கள் பொன்னோடு முசிறித் துறைக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பேசுகிறது. மிளகிட்டுச் சமைத்த உணவுக்கும் பிறகு அப்பெயரே ஆகி, இன்று காய்கறி, கறிவேப்பிலை, தொடுகறி என்று பல சொற்களில் அது வாழ்கிறது. ஆங்கிலேயர் அச்சொல்லை எடுத்துச் சென்று உலகமெங்கும் பரப்பினர்.

பல குடும்பங்களில் முன்னோரை நினைத்துச் செய்யும் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை. மிளகுதான் போடுவார்கள். சில கோயில் மடைப்பள்ளிகளிலும் இதே வழக்கம் உண்டு. பாறைக்குள் புதைபடிவம் உறைந்திருப்பதுபோல, மிளகாய் வருவதற்கு முந்திய தமிழ்ச் சமையல் இந்தச் சடங்குகளுக்குள் உறைந்திருக்கிறது. வரலாற்று மாணவனுக்குக் கல்வெட்டு எப்படியோ, அப்படியே இந்தச் சமையலும் ஒரு சான்று.

வெல்லமும் புளியும் பெருங்காயமும்

இனிப்புக்கு வருவோம். கரும்பை முதன்முதலில் பயிரிட்டவர்கள் பசிபிக் கடலிலுள்ள நியூகினித் தீவு மக்கள் என்று தாவர நூலார் கூறுகின்றனர். அங்கிருந்து ஆசியாவுக்கு வந்த கரும்பைச் சாறு பிழிந்து காய்ச்சிக் கட்டியாக்கும் கலையில் இந்தியா சிறந்து விளங்கியது. கரும்பு வெளியிலிருந்து வந்தது என்னும் நினைவு நம் இலக்கியத்திலேயே பதிந்திருப்பது வியப்புக்குரியது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். ஒரு பயிரை அறிமுகம் செய்ததை அரசகுலத்தின் பெருமையாகப் பாடிய சமுதாயம் அது.

கரும்பின் கதை அத்தோடு நிற்கவில்லை. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் என்னும் ஆங்கில அறிஞரும் தமிழராகிய வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பை நாணல் போன்ற காட்டுக் கரும்போடு கலந்து வலிமையான புதிய இனங்களை உருவாக்கினர். அவற்றில் 'கோ 205' என்னும் இனம் 1918-இல் வெளிவந்தது. கோவையில் பிறந்த கரும்பினங்கள் பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் சென்றன. வந்த பயிரை வளர்த்துத் திருப்பி அனுப்பிய கணக்கு இது!

புளியமரம் நம் சாலையோரங்களில் நிற்கும் தோரணையைப் பார்த்தால் அது இந்த மண்ணின் மூத்த குடி என்றே தோன்றும். அராபியரும் அப்படித்தான் எண்ணினர். 'இந்தியப் பேரீச்சை' என்னும் பொருளில் அவர்கள் இட்ட 'தமர் ஹிந்தி' என்ற பெயரே ஆங்கிலத்தில் 'டாமரின்ட்' ஆயிற்று. ஆனால் தாவர நூலாரின் கணிப்பில் புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே அது இங்கு வந்து சேர்ந்துவிட்டது.

பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் குளிர்ந்த வறண்ட மலைச் சரிவுகளில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சியாக 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் முதல் கன்றை நட்டனர்.

அப்படியானால் நம்முடையது எது?

காய் அமெரிக்கா, மிளகாய் அமெரிக்கா, புளி ஆப்பிரிக்கா, கரும்பு நியூகினி, பெருங்காயம் ஆப்கானிஸ்தான். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் தட்டில் நமக்கு என்ன மிஞ்சும் என்று நீங்கள் கேட்கலாம். மிஞ்சுவது கொஞ்சமன்று. எள் இந்தத் துணைக்கண்டத்தின் பயிர். எள்ளின் நெய்தான் 'எண்ணெய்' என்னும் பொதுப் பெயரையே தந்தது. உளுந்து நம்முடையது. கறிவேப்பிலை நம்முடையது. மஞ்சளும் இந்தப் பகுதியின் பழம்பயிர்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அதுதான் சமைக்கும் முறை. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய ஒரு பாட்டு உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். புதிதாக மணமான பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படுகிறது. அவளே துழாவிச் சமைத்த, புளிப்பும் இனிமையும் கூடிய குழம்பைக் கணவன் சுவைத்து உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பரங்கிக்காயும் மிளகாயும் இந்நாட்டில் இல்லாத காலத்துச் சமையலறை அது. ஆனால் கொதிக்கும் நெய்யில் தாளிக்கும் வழக்கமும், புளிப்பையும் இனிப்பையும் ஒன்று சேர்க்கும் நாட்டமும் அங்கே இருக்கின்றன. சங்கத் தமிழில் தாளிப்புக்குக் 'குய்' என்று தனிச்சொல்லே உண்டு.

இங்கேதான் செய்தி இருக்கிறது. பொருள்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அவற்றை ஏற்று, ஒன்றோடொன்று இணக்கப்படுத்திய முறை இங்கே முன்பே இருந்தது. பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைம்மாறி வந்த அந்த முறையில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்பதை அடுப்பருகே நின்று பார்ப்போம்.

அடுப்பில் நடக்கும் வேதியியல்

அரைக் கிலோ மஞ்சள் பரங்கிக்காயைத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு மூன்று மிளகாய் வற்றல், சிறிது பெருங்காயம், கறிவேப்பிலை என்ற வரிசையில் தாளியுங்கள். பிறகு காய்த்துண்டுகளைப் போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். காய் முக்கால் பதம் வெந்த பிறகு புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். கடைசியாக இரண்டு மேசைக்கரண்டி வெல்லப்பொடியைச் சேர்த்துக் கிளறி, சுருண்டு வந்ததும் இறக்குங்கள்.

இந்த வரிசையை மாற்றினால் என்ன? ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே காயின் துண்டுகளை இரண்டு பாத்திரங்களில் சம அளவு நீரில் வேகவையுங்கள். ஒன்றில் மட்டும் முதலிலேயே புளிக்கரைசலைச் சேருங்கள். புளி சேர்த்த காய் வேக அதிக நேரம் பிடிக்கும். காரணம் இதுதான். காயின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசைபோன்ற பொருளுக்குப் 'பெக்டின்' என்று பெயர். வெந்நீரில் அது மெல்லக் கரைவதால்தான் காய் குழைகிறது. புளியிலுள்ள அமிலம் அந்தக் கரைவைத் தாமதப்படுத்துகிறது. வெல்லமும் அவ்வாறே. அதன் சர்க்கரை நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பெக்டினை இன்னும் இறுக்கிக் கட்டுகிறது. எனவே முதலில் காய், அடுத்துப் புளி, கடைசியில் வெல்லம் என்னும் வரிசை வெறும் பழக்கமன்று. காய் குழையவும் வேண்டும், கூழாகவும் கூடாது. அந்த இடத்தில் புளியைக் கொண்டு குழைவை நிறுத்துகிறாள் சமைப்பவள். பெக்டின் என்ற பெயர் அவளுக்குத் தெரியாது. அதன் குணம் தெரியும்.

தாளிப்பிலும் இதே நுட்பம் உண்டு. தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடேறாது. எண்ணெயோ அதைவிட மிகுந்த சூட்டைத் தாங்கும். கடுகுக்குள் இருக்கும் சிறிதளவு ஈரம் நீராவியாகி வெடிப்பது எண்ணெய் சரியாகக் காய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மிளகாயின் காரப்பொருளாகிய 'காப்சைசின்' எண்ணெயில் எளிதில் கரையும், நீரில் கரையாது. பெருங்காயத்தின் மணமும் எண்ணெயில் ஏறித்தான் கறி முழுவதும் பரவும்.

எண்ணெயைத் தேடும் இன்னொரு பொருள் பரங்கிக்காயிலேயே இருக்கிறது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான 'கரோட்டீன்'தான் அது. நம் உடல் அதனை உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. கொழுப்பு உடனிருந்தால்தான் குடல் கரோட்டீனை நன்கு உறிஞ்சும். உயிர்ச்சத்து 'ஏ' குறைவால் குழந்தைகளின் கண்ணொளி மங்குவதைத் தடுக்க 1970-இல் இந்தியாவில் நாடு தழுவிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். பத்தில் ஒன்பது பங்கு நீராலான ஒரு மலிவுக் காய், இரண்டு கரண்டி எண்ணெயோடு சேரும்போது கண்ணுக்கு மருந்தாகிறது. எண்ணெயே இல்லாமல் வெறுமனே வேகவைத்தால் அதன் பயனில் ஒரு பகுதி வீணாகிறது.

நாக்கு செய்யும் கணக்கு

இனிப்பும் புளிப்பும் ஒன்றாகச் சேரும்போது ஏன் இவ்வளவு சுவை? ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு சுவைகளும் ஒரே வாயில் சேர்ந்தால், ஒவ்வொன்றும் மற்றதன் கூர்மையைச் சற்றுக் குறைக்கின்றது. புளி பல்லைக் கூசவைப்பதில்லை, வெல்லம் திகட்டுவதில்லை. சிறிதளவு உப்பு கசப்பை மறைத்து இனிப்பை எடுத்துக் காட்டுகிறது. பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது இதனால்தான்.

காரத்தை நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணுகிறோம். உடலியலார் அதனைச் சுவையாகக் கொள்வதில்லை. 1997-இல் அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியசும் அவருடைய குழுவினரும், காப்சைசின் நம் நரம்புகளில் எந்த வாயிலைத் திறக்கிறது என்று கண்டுபிடித்தனர். சூடு பட்டால் திறக்கும் அதே வாயில்தான் அது! மிளகாயைக் கடித்தால் 'எரிகிறது' என்று நாம் சொல்வது உவமையன்று, உண்மையிலேயே நரம்பு அனுப்பும் செய்தி. இந்த ஆராய்ச்சிக்காக ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இனிப்பு அந்த எரிச்சலையும் ஓரளவு தணிக்கிறது. ஆக, வெல்லம் இந்தக் கறியில் புளிக்கும் மிளகாய்க்கும் நடுவே நின்று சமாதானம் செய்கிறது.

வீட்டு வாணலியிலிருந்து பெரிய அண்டாவுக்கு

இனி வல்லம் வடகாலுக்குத் திரும்புவோம். நான்கு பேருக்குச் செய்யும் இந்தக் கறியை நாலாயிரம் பேருக்குச் செய்யவேண்டுமானால் என்ன ஆகும்? பொருள்களை ஆயிரம் மடங்கு பெருக்கினால் போதும் என்று தோன்றும். அது போதாது. பாத்திரத்தின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. கொள்ளளவோ எட்டு மடங்காகிறது. வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பு வழியாகத்தான். எனவே பெரிய அண்டாவிலுள்ள உணவு அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் நெடுநேரம் சூடாகவே இருக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, இறக்கிய பின்னும் காய் வெந்துகொண்டே இருந்து கூழாகிவிடும். புளியை உரிய வேளையில் சேர்ப்பது வீட்டைவிட இங்கே இன்னும் முக்கியம். இரண்டாவது, உயிருக்கே ஆபத்தானது. சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாகவோ, 5 பாகைக்குக் கீழ்க் குளிர்ந்தோ இருக்கவேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில் நுண்கிருமிகள் விரைந்து பெருகும். பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் உணவு அந்த ஆபத்தான நிலையைப் பல மணி நேரம் கடக்கிறது. புளியின் அமிலம் கிருமிகளின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கும். புளி சேர்த்த கறி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டைவிடச் சற்று நேரம் தாங்குவது இதனால்தான். ஆனாலும் புளியை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. சிறு பாத்திரங்களில் பிரித்து வைப்பதும், சூடு ஆறும் முன் பரிமாறுவதும், கை சுத்தமும், நீர்ச் சுத்தமும் வேண்டும்.

இவற்றில் தவறினால் நேர்வது என்ன என்பதை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானதால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. உலகமெங்கும் செல்லும் கருவிகளின் உற்பத்தி, சாப்பாட்டால் நின்றது. தட்டிலுள்ள உணவு சின்ன விஷயம் அன்று என்பதை அந்தப் பெண்கள் நாடறியச் சொன்னார்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுச்சாலை அமைக்க வகை செய்தது. 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொகுப்பு அவ்வெண்ணை 100 ஆகக் குறைத்தது. உணவுச்சாலை இருக்கவேண்டும் என்பதைச் சட்டம் சொல்லிவிடலாம். அதில் என்ன சமைக்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்பதில்தான் உண்பவரின் நலம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இன்றியே மாதக்கணக்கில் தாங்கும், விலை மலிவான, கண்ணுக்கு நலம் தரும், தெற்கத்தியாருக்கும் வடக்கத்தியாருக்கும் பழக்கமான ஒரு காய் இருக்கிறது. அதை நன்றாகச் செய்து போடுவதற்கு வேண்டியது பெருஞ்செலவன்று. மேலே கண்ட வரிசையையும் அதன் காரணத்தையும் தெரிந்த ஒரு கை வேண்டும்.

அந்தக் கை இதுவரை வீட்டுக்குள் இருந்தது. பதினெட்டு, இருபது வயதில் ஊரைவிட்டு வந்து, இரவும் பகலும் முறைவேலை செய்யும் பெண்களுக்குப் பாட்டியின் அருகில் நின்று கற்கும் வாய்ப்பு இல்லை. அவர்கள் சமையலறைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று சொல்வதற்கில்லை. சம்பாத்தியம் அவர்களுக்குத் தந்த சுதந்திரம் பெரிது. அதே வேளையில், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கைம்மாறி வந்த அறிவு ஏட்டில் ஏறாமலேயே மறைந்துவிடவும் கூடாது. அதனை எழுதி வைப்பதும், காரணம் காட்டி விளக்குவதும், பெரிய அடுப்புகளில் சமைப்போருக்குக் கற்பிப்பதும் அறிவியலின் கடமைகளுள் ஒன்று. இந்தக் கறியைச் செய்வதற்கு ஆண் பெண் வேறுபாடும் இல்லை. மேற்சொன்ன இரண்டு பாத்திரச் சோதனையை வீட்டிலுள்ள பையன்களும் செய்து பார்க்கலாம்.

அடுத்த முறை உங்கள் இலையில் பரங்கிக்காய்க் கறி விழும்போது ஒரு கணம் அதைப் பாருங்கள். மெக்சிகோவின் குகைவாசியும், நியூகினியின் தீவுவாசியும், ஆப்பிரிக்கக் காட்டின் மரமும், ஆப்கானிய மலைச் செடியும் அதில் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே வாணலியில் சேர்த்து, ஒருவர் குரல் மற்றவர் குரலை அமுக்கிவிடாதபடி பார்த்துக்கொண்ட கை மட்டும் நம் ஊர்க் கை. வந்ததை ஏற்பதும், ஏற்றதைப் பதப்படுத்துவதும் அந்தக் கைக்குத் தெரியும். அதனால்தான் பரங்கியரின் காய் நம்முடைய கறியாயிற்று.